குதிகாலின் சரித்திரம்

தொழுவத்தில் நிற்கும் பசுவைப் பக்கவாட்டிலிருந்து கவனிப்பவர்களுக்கு அதன் பின்னங்காலின் அமைப்பு சற்று விசித்திரமாகத் தோன்றும். நம்முடைய முழங்கால் முன்புறமாகப் புடைத்திருக்க, பசுவின் பின்னங்காலில் நடுவே காணப்படும் மூட்டோ பின்புறமாகக் கூர்ந்து நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, நாற்கால் பிராணிகளுக்கு முழங்கால் பின்னோக்கி அமைந்திருக்கிறது என்று சிறுவர்கள் மட்டுமின்றிப் படித்த பெரியவர்களும் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் பசுவின் முழங்கால் அதன் அடிவயிற்றை ஒட்டினாற்போல மேலே சதைக்குள் மறைந்து, நம்முடையதைப் போலவே முன்னோக்கித்தான் இருக்கிறது. தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு முழ உயரத்தில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கூர்முனை முழங்காலன்று. அதுவே பசுவின் குதிகால். மனிதன் தன் கால்விரல்களின் நுனிகளை மட்டும் ஊன்றி, குதிகாலை எவ்வளவு தூரம் உயர்த்த முடியுமோ அவ்வளவும் உயர்த்தி நின்றால் எப்படி நிற்பானோ, அப்படியேதான் பசுவும் குதிரையும் ஆடும் மானும் பிறந்த நாள் முதல் இறக்கும் நாள் வரையில் நிற்கின்றன, நடக்கின்றன, ஓடுகின்றன.

நாயும் பூனையும் விரல்களின் அடிப்பாகத்தை ஊன்றி நடப்பவை; அவற்றின் குதிகாலும் தரையைத் தொடுவதில்லை. கரடியோ உள்ளங்கால் முழுவதையும் பதித்து நடக்கிறது. ஆகையால்தான் காட்டின் ஈரமண்ணில் அதன் பின்னங்கால் சுவட்டைக் காண்பவர்கள் யாரோ மனிதன் வெறுங்காலுடன் சென்றிருக்கிறான் என்று ஒரு கணம் மயங்குகிறார்கள். யானையின் விஷயம் இன்னும் ரசமானது. வெளியிலிருந்து பார்த்தால் அதன் பாதம் ஒரு தூணின் அடியைப் போல முழுதும் பூமியில் அழுந்தியிருக்கிறது; ஆனால் தோலுக்குள்ளே எலும்புகள் விரல்களின்மேல் சாய்ந்து நிற்க, அவற்றின் பின்புறத்தில் கொழுப்பும் நாரும் கலந்த ஒரு பெரிய திண்டு அமைந்து அந்த மகத்தான பாரத்தை ஏற்றுக்கொள்கிறது.

இத்தனை பிராணிகளிலும் குதிகால் எலும்புக்கு வாய்த்த முதல் உத்தியோகம் நெம்புகோலாக இருப்பதே. கெண்டைச்சதையிலிருந்து இறங்கிவரும் தடித்த தசைநாண் அதன் பின்முனையைப் பற்றி மேல்நோக்கி இழுக்கிறது. கணுக்கால் மூட்டு சுழலும் இடமாக அமைகிறது. பாதத்தின் மற்றப் பகுதி முழுவதும் முன்னே நீண்டு சென்று தரையை உதைக்கிறது. கிணற்றில் ஏற்றம் இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை: துலாவின் குட்டையான பின்பகுதி சிறிதே அசைய, நீண்ட முன்பகுதி கிணற்றின் ஆழம் வரையில் போய்வருவதைப் போல, கெண்டைச்சதை கொஞ்சம் சுருங்கினாலே பாதத்தின் நுனி நெடுந்தூரம் வீசப்படுகிறது. பின்பகுதி நீளுமானால் பலம் மிகும், வேகம் குறையும். முன்பகுதி நீளுமானால் வேகம் மிகும், அதற்கு ஈடாகச் சதை அதிகமாக உழைக்க வேண்டும். மானின் காலில் குதிகாலுக்குக் கீழே நீண்டு மெலிந்து இறங்கும் பகுதியைப் பார்த்தால், ஓட்டத்துக்காகவே அந்தச் சரீரம் நிர்மாணிக்கப்பட்டிருக்கிறது என்பது தெளிவாகும்.

குதிரை நின்றவாறே கண்ணயர்வதற்கும் இந்த எலும்பைச் சுற்றியுள்ள ஏற்பாடே ஒரு காரணம். அதன் பின்னங்காலில் முழங்காலையும் குதிகால் மூட்டையும் முன்னும் பின்னுமாக இரண்டு வலுவான நாண்கள் இணைத்திருப்பதால், ஒன்று மடங்காமல் மற்றொன்று மடங்காது. முழங்காலின் சில்லைத் தொடையெலும்பின் ஒரு முகட்டில் மாட்டிவிட்டால் முழங்கால் பூட்டப்படுகிறது; முழங்கால் பூட்டப்பட்டபின் குதிகால் மூட்டும் தானாகவே அசையாமல் நின்றுவிட, சதைகளுக்குச் சிரமமின்றி அந்தப் பிராணி இளைப்பாறுகிறது. பசுவுக்கு அந்த வசதி இல்லை; அது படுத்துத்தான் இளைப்பாற வேண்டும். மண்தரை போய்ச் சிமெண்டுத்தரை வந்துவிட்ட தொழுவங்களில், வைக்கோல்கூடப் பரப்பாமல் கட்டிவைக்கப்பட்ட பசுக்களின் குதிகால் முனையில் தோல் உராய்ந்து வீக்கமும் புண்ணும் உண்டாவதைக் கால்நடை வைத்தியர்கள் நன்கு அறிவார்கள். மாடு வளர்ப்பவர்கள் சிறிது வைக்கோலைச் செலவிட்டால் தவிர்த்துவிடக்கூடிய துன்பம் இது.

ஊர்வனவற்றுள் பல்லிக்கு இந்த எலும்பு அடுத்துள்ள கணுக்கால் எலும்போடு ஒட்டிப்போயிருக்கிறது. முதலைக்கோ அது தனித்து நின்று, நம்முடையதைப் போலவே பின்னோக்கி ஒரு முனையை நீட்டிக்கொண்டிருக்கிறது. வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு திரிவதாக நாம் கருதும் முதலை, வேண்டும்போது உடலை மேலே தூக்கி நிமிர்ந்து நடக்கக் கூடியதென்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பறவைகளில் முழு வளர்ச்சி அடைந்தபின் குதிகால் எலும்பைத் தனியே தேடிக் காண இயலாது. முட்டைக்குள் குஞ்சு உருவாகும்போது தனிக் குருத்தெலும்பாகத் தோன்றும் அது, பின்னர் கணைக்கால் எலும்பின் அடிமுனையோடு கலந்து ஒன்றாகிவிடுகிறது. வயலில் நிற்கும் கொக்கின் காலில் பின்னோக்கி மடங்கும் மூட்டு இந்த இடமே. கோழியின் கால்துண்டைச் சமைத்து உண்பவர்கள், அதன் மெலிந்த முனையில் காணும் வழவழப்பான குமிழில் கோழியின் குதிகால் அடங்கியிருக்கிறது என்பதை அறிந்துகொள்ளலாம்.

தாவும் பிராணிகளிடத்தில் இந்த எலும்பு அடைந்திருக்கும் மாறுதல் என்னைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்துவது. தவளையில் குதிகால் எலும்பும் கணுக்கால் எலும்பும் குச்சிகளாக நீண்டு, இரு முனைகளிலும் ஒன்றோடொன்று ஒட்டி, காலுக்கு மேலும் ஒரு கண்டத்தைச் சேர்த்துவிட்டன. உட்கார்ந்திருக்கும் தவளையின் பின்னங்கால் மற்றப் பிராணிகளின் காலைவிட ஒரு மடிப்பு அதிகமாக மடிந்திருப்பதன் காரணம் இதுதான். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியத் தீவுகளில் வாழும் டார்சியர் என்னும் சிறு பிராணியும், ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் கலாகோ என்பதும் வேறொரு வழியைக் கண்டுபிடித்தன. இரண்டும் இரவில் மரக்கிளைகளிலிருந்து கிளைகளுக்குத் தாவுபவை; தாவுவதற்கு நீண்ட பாதம் வேண்டும், ஆனால் கிளையைப் பற்றும் விரல்கள் கெட்டுவிடக் கூடாது. மானைப் போலப் பாதத்தின் நடுவெலும்புகளை நீட்டினால் பிடி தளர்ந்துவிடும் என்பதால், குதிகால் எலும்பின் முன்பாகமே நீண்டு வளர்ந்து, பற்றும் விரல்களைப் பழுதின்றி முன்னே தள்ளிவைத்திருக்கிறது. கலாகோவுக்கு நெருங்கிய உறவான தேவாங்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்கிறது. அது தாவுவதில்லை, மெல்ல மெல்லக் கிளையைப் பற்றி ஊர்ந்து செல்வது. ஆகவே அதன் குதிகால் எலும்பு குட்டையாகவே நின்றுவிட்டது. ஒரே குலத்தில் பிறந்த இரண்டு பிராணிகளின் சுபாவம் ஓர் எலும்பின் நீளத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

குரங்குகளுக்கு வருவோம். கோவில் மதில்மேல் நடந்து செல்லும் குரங்கைச் சற்றுக் கவனித்தால், அது பாதத்தை ஊன்றும்போது குதிகாலை முதலில் பதிப்பதில்லை என்பதும், பெரும்பாலும் குதிகால் தரைக்குமேல் எழும்பியே இருப்பதும் தெரியவரும். சிம்பன்சி, கொரில்லா ஆகிய ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகள் குதிகாலைப் பதிக்கின்றன. ஆயினும் அவற்றின் குதிகால் எலும்பு மெலிந்தது, முழுப் பாரத்தையும் அடிமேல் அடியாகத் தாங்குவதற்கு உரியதன்று. மனிதனிடத்தில் வந்தபோதுதான் நெம்புகோலாக மட்டும் இருந்த எலும்பு தூணாகவும் ஆயிற்று. மேல்நோக்கி இழுக்கப்படுவதும் கீழ்நோக்கி அழுத்தப்படுவதும் ஆகிய இரண்டு தொழில்களையும் ஒரே எலும்பு ஏற்றுக்கொண்டதுதான் மனிதக் குதிகாலின் முழுச் சிறப்பும், அதற்கு நேரும் கஷ்டங்கள் எல்லாவற்றுக்கும் மூலமும் என்பது என் அபிப்பிராயம்.

மனிதனுடைய ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. அவற்றுள் பாதத்தின் பின்பகுதியில் அமைந்த 7 எலும்புகளில் மிகப் பெரியது குதிகால் எலும்பு. வளர்ந்தவர்களுக்கு அது ஏறத்தாழ 3 அங்குல நீளமுடையது. அதன்மேல் கணுக்கால் எலும்பு அமர்ந்திருக்கிறது. உடலின் பாரம் கணைக்கால் வழியாக இறங்கி அந்தக் கணுக்கால் எலும்பில் வந்து சேர்ந்து, அங்கிருந்து ஒரு பங்கு பின்னே குதிகாலுக்கும் மற்றொரு பங்கு முன்னே விரல்களுக்குமாகப் பிரிகிறது. குதிகால் எலும்பின் உட்பக்கத்தில் ஒரு சிறு திண்ணை வெளியே நீண்டு கணுக்கால் எலும்பைத் தாங்குகிறது. அந்தத் திண்ணையின் அடியிலுள்ள பள்ளத்தின் வழியாகப் பெருவிரலை மடக்கும் தசைநாண் ஓடுகிறது. பின்முனையின் மேற்புறத்தில் கெண்டைச்சதையின் நாணும், அடிப்புறத்தில் விரல்கள்வரை பரந்து செல்லும் உள்ளங்கால் நார்ப்பட்டையும் பற்றியிருக்கின்றன.

இந்த எலும்பை நெடுக்கில் அறுத்துப் பார்த்தால் மேலோடு மிக மெல்லியதாகவும், உள்ளே நிறைந்திருப்பது நுண்ணிய எலும்புச் சட்டங்களால் பின்னப்பட்ட துளைமயமான பொருளாகவும் இருக்கக் காணலாம். அந்தச் சட்டங்கள் தாறுமாறாகக் கிடக்கவில்லை. 1860களில் ஸூரிச் நகரத்து உடற்கூற்றுப் பேராசிரியர் மேயர் என்பவர் தாம் அறுத்து வைத்திருந்த எலும்புத் துண்டங்களைக் காட்டியபோது, அதே நகரத்தில் பாலங்களையும் பாரந்தூக்கிகளையும் கணக்கிடும் பொறியியல் பேராசிரியராயிருந்த குல்மான் தொடையெலும்பின் உட்சட்டங்களைப் பார்த்துவிட்டு, தாம் காகிதத்தில் வரையும் விசைக்கோடுகள் அப்படியே எலும்பில் வரையப்பட்டிருப்பதாக உணர்ந்தார். எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்குத் தக்கபடி தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது என்ற கொள்கையை 1892ஆம் வருஷத்தில் பெர்லின் நகரத்து வைத்தியர் யூலியுஸ் வொல்ஃப் நூலாக விரித்தெழுதினார். குதிகால் எலும்பில் இந்த உண்மையைக் கண்ணாலேயே காணலாம்: கணுக்கால் அமரும் இடத்திலிருந்து ஒரு கூட்டம் சட்டங்கள் பின்னோக்கிக் குதிமுனைக்கும், மற்றொரு கூட்டம் முன்னோக்கி அடுத்த எலும்புக்கும் இறங்க, மூன்றாவது கூட்டம் அடிப்பக்கமாக வளைந்து, தசைநாணும் நார்ப்பட்டையும் இழுக்கும் இழுப்பைத் தாங்குகிறது. இவற்றின் நடுவே விசைகள் அதிகமாகச் செல்லாத ஒரு முக்கோண இடம் ஏறத்தாழ வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. எக்ஸ்ரே படத்தில் அது கறுத்துத் தெரிவதால், பழக்கமில்லாதவர்கள் எலும்பில் கட்டி உண்டாகியிருப்பதாகச் சந்தேகிப்பதும் உண்டு.

எலும்புக்கும் தோலுக்கும் இடையே ஏறத்தாழ முக்கால் அங்குல கனத்தில் கொழுப்புப் படலம் ஒன்று இருக்கிறது. வயிற்றுக் கொழுப்பைப் போல அது இங்குமங்கும் பிதுங்கிச் செல்வதில்லை. உறுதியான நார்ச்சுவர்களால் சிறு சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டு, ஒவ்வோர் அடியிலும் அமுங்கி, கால் எடுத்தவுடன் மீண்டும் பழைய வடிவை அடைகிறது. வயோதிகத்தில் இந்தப் படலம் மெலிந்து நெகிழ்ந்துவிடுவதால்தான், முதியவர்கள் கல்தரையில் வெறுங்காலுடன் நடக்கும்போது எலும்பே தரையில் மோதுவதைப் போல வருந்துகிறார்கள்.

கெண்டைச்சதையின் நாண் உடலிலுள்ள நாண்கள் எல்லாவற்றிலும் தடித்தது, வலிமை மிக்கது. அதற்குக் கிரேக்க வீரன் அக்கிலீஸின் பெயரை வழங்கிய நூல், ஃபிளாண்டர்ஸ் நாட்டு உடற்கூற்று ஆசிரியர் ஃபிலிப் வெர்ஹைன் 1693ஆம் வருஷத்தில் வெளியிட்டது. வெர்ஹைன் பாதிரியாராகப் பயின்றுகொண்டிருந்த இளமையில் நோயினால் இடது காலை இழந்து, அதனால் அந்தப் பதவிக்கு உதவாதவராகி, வைத்திய சாஸ்திரத்துக்குத் திரும்பியவர். காலை இழந்த ஒருவர் காலின் தலைசிறந்த நாணுக்குப் பெயரிட்ட அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அவரிடத்தில் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டாகிறது.

மனிதன் எப்பொழுது குதிகாலை நம்பி நடக்கத் தொடங்கினான் என்ற கேள்விக்குப் பூமியே சில விடைகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. டான்ஸானியா நாட்டின் லேட்டோலி என்னுமிடத்தில், ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் விழுந்து மழையில் நனைந்திருந்த தரைமேல் நிமிர்ந்து நடந்து சென்ற சிலருடைய காலடிச் சுவடுகளை 1978ஆம் வருஷத்தில் மேரி லீக்கியின் குழுவினர் வெளிப்படுத்தினார்கள். அந்தச் சுவடுகளில் குதிகால் பதிந்த இடம் ஆழமாக அழுந்தியிருக்கிறது; முதலில் குதிகாலை ஊன்றிப் பின்னர் விரல்களால் உந்தும் நடை அப்பொழுதே கைவந்திருந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் கொள்கிறார்கள். எதியோப்பியாவில் ஹடார் என்னுமிடத்தில், லூசி என்று உலகம் அறிந்த எலும்புக்கூட்டின் இனத்தைச் சேர்ந்த குதிகால் எலும்புகள் கிடைத்தன. 30 லட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வெலும்புகள் சிம்பன்சியினுடையதைப் போல மெலிந்திருக்கவில்லை. நம்முடையதை ஒத்த பருமனும் அடிப்பக்கத்து அகலமும் உடையவை.

இதைப் பார்த்து, அந்தக் காலத்திலிருந்து குதிகால் வரவர மேலும் மனிதத் தன்மை பெற்று வந்திருக்கும் என்று நாம் எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் தென்னாப்பிரிக்காவில் மலாபா குகையில் 2008ஆம் வருஷத்தில் கண்டெடுக்கத் தொடங்கிய, ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய செடீபா என்னும் இனத்தின் குதிகால் அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கிவிட்டது. லூசியின் இனத்துக்குப் பத்து லட்சம் ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்த அந்த இனத்தின் குதிகால் எலும்போ வாலில்லாக் குரங்கினுடையதைப் போல மெலிந்திருந்தது. அதே காலின் கணுக்கால் மூட்டும் மற்ற எலும்புகளும் நிமிர்ந்து நடந்ததற்கே சாட்சி சொல்லுகின்றன. ஆகவே இரண்டு கால்களில் நடப்பதற்கு ஒரே ஒரு ராஜபாட்டை இருந்ததில்லை. பல கிளைப்பாதைகள் இருந்தன, அவற்றுள் சில நின்றுபோயின என்று கொள்வதே பொருத்தம். உயிர்களின் சரித்திரத்தை ஏணிப்படிகளாக வரைந்து காட்டும் பாடப்புத்தகப் படங்களைத் திருத்துவதற்கு இந்த ஓர் எலும்பே போதும்.

குதிகாலை ஊன்றி நடப்பதால் கிடைக்கும் லாபத்தையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், குதிகாலைச் சிறிது தூக்கி, பாதத்தின் முன்பகுதியை மட்டும் ஊன்றி நடப்பவர்களுக்குச் சாதாரண நடையைவிட 53 சதவிகிதம் அதிகமான சக்தி செலவாயிற்று. ஓடும்போது இந்த லாபம் கிடைப்பதில்லை. மேலும் குதிகால் எலும்பின் பின்பகுதி குட்டையாக உள்ளவர்களுக்கு ஓட்டத்தில் செலவு குறைகிறது என்றும், நியாண்டர்தால் மனிதர்களுக்கு அந்தப் பகுதி நம்முடையதைவிட நீண்டிருந்தது என்றும் 2011இல் மற்றோர் ஆராய்ச்சி தெரிவித்தது. துலாவின் பின்பகுதி நீண்டால் பலம், குறைந்தால் வேகம் என்று முன்னே கூறிய கணக்கு இங்கேயும் செல்லுகிறது. கூடவே, குட்டையான குதியை இழுக்கும் நாண் அதிகமாக நீண்டு, அந்த நீட்சியில் சேமித்த சக்தியைத் திரும்பக் கொடுக்கிறது.

மனித சரித்திரத்தின் ஒரு கொடுமைக்கும் இந்த எலும்பே நேரடிச் சான்றாக நிற்கிறது. ரோமானியர் எத்தனையோ ஆயிரம் பேரைச் சிலுவையில் அறைந்தார்கள் என்று நூல்கள் கூறினாலும், அதை எலும்பில் காட்டும் சாட்சியம் நெடுங்காலம் அகப்படவில்லை. 1968ஆம் வருஷத்தில் ஜெருசலேம் நகருக்கு வடக்கே தோண்டியபோது, முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கல்பெட்டி ஒன்றில், யெஹோஹானன் என்று பெயர் பொறித்த இளைஞனுடைய எலும்புகளுக்கிடையே, 11.5 சென்டிமீட்டர் நீளமுள்ள இரும்பாணி ஊடுருவிய வலது குதிகால் எலும்பு கிடைத்தது. ஆணியின் நுனி வளைந்திருந்ததால் அதைப் பிடுங்க முடியாமல் எலும்போடு சேர்த்தே அடக்கம் செய்திருக்கிறார்கள். அதன்பின் இங்கிலாந்தில் ஃபென்ஸ்டான்டன் என்ற கிராமத்தில் 2017இல் தோண்டியெடுத்த ரோமானியர் காலத்துப் பிரேதத்தின் குதிகாலிலும் ஆணி இருந்தது. மனித உடலின் முழுப் பாரத்தையும் தாங்குவதற்கென்று அமைந்த எலும்பையே ஆணிக்கு இடமாகத் தேர்ந்தார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கலங்குகிறது.

குழந்தை பிறப்பதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, கருவின் ஐந்தாம் ஆறாம் மாதத்திலேயே, பாதத்தின் பின்னெலும்புகளில் முதன்முதலாகக் கெட்டிப்படத் தொடங்குவது குதிகால் எலும்புதான். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தத்தைக் காகிதத்தில் உலர்த்தி, மூளையைப் பாதிக்கும் பிறவிக் குறைகளை முன்கூட்டியே அறியும் முறையை அமெரிக்க வைத்தியர் ராபர்ட் கத்ரி 1960களின் தொடக்கத்தில் உருவாக்கினார். அவ்வாறு குத்தும்போது குதிகாலின் பின்வளைவைத் தவிர்த்து அடிப்பாகத்தின் இரு ஓரங்களில்தான் குத்த வேண்டும் என்று செவிலியருக்குக் கற்பிக்கிறார்கள். பின்வளைவில் எலும்பு தோலுக்கு வெகு அருகில் இருப்பதால், ஊசி அதைத் தொட்டுப் புரையோடச் செய்துவிடக் கூடும். ஆறு முதல் எட்டு வயதுக்குள் எலும்பின் பின்முனையில் மற்றொரு சிறு எலும்பு தோன்றி, பதினாலு பதினைந்து வயதளவில் பெரிய எலும்போடு இணைகிறது. இடைப்பட்ட காலத்தில் ஓடியாடும் சிறுவர்களுக்கு அந்த இணைப்பிடத்தில் நாண் இழுத்து வலிப்பதுண்டு. 1912இல் அமெரிக்க வைத்தியர் ஸீவர் இதை விவரித்தார். வளர்ச்சி முடிந்ததும் தானே மறைந்துபோகும் இவ்வலிக்காகப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.

இந்த எலும்பு உதை வாங்கியே உறுதிப்படுகிறது. படுக்கையிலேயே பல வாரங்கள் கிடக்கும் நோயாளியின் குதிகால் எலும்பில் சுண்ணாம்புச் சத்து விரைவில் குறைகிறது. 1965இல் ஜெமினி விண்கலங்களில் சென்று திரும்பியவர்களுக்கும், 1973, 1974ஆம் வருஷங்களில் ஸ்கைலாப் நிலையத்தில் 84 நாட்கள் வரை தங்கியவர்களுக்கும், பாரமற்ற வாழ்க்கை எலும்பை எவ்வாறு பாதிக்கிறது என்று அறியத் தேர்ந்தெடுத்த எலும்புகளுள் முக்கியமானது குதிகால் எலும்பே. முதியவர்களுக்கு எலும்புத் தேய்வு உண்டா என்று பார்க்க, குதிகாலை ஒரு சிறு கருவியில் வைத்து அல்ட்ராசவுண்ட் அலைகளைச் செலுத்தும் பரிசோதனைக்கும் இதுவே அடிப்படை. உள்ளே துளைமயமான எலும்பு நிறைந்திருப்பதால் முதுகெலும்பில் நேரும் தேய்வைப் போன்றதே இங்கேயும் நேருகிறது. தோலுக்கு அருகில் இருப்பதால் சோதிப்பதும் சுலபம்.

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் முள் தைத்தாற்போல வலித்து, சிறிது நடந்தபின் தணியும் நோயை நாட்டு வைத்தியத்தில் குதிகால் வாதம் என்பார்கள். நார்ப்பட்டை குதிகாலைப் பற்றியிருக்கும் இடத்தில் உண்டாகும் சிதைவே பெரும்பாலும் இதற்குக் காரணம். எக்ஸ்ரே எடுத்தால் அந்த இடத்தில் முள்ளைப் போல எலும்பு வளர்ந்திருப்பதைக் கண்டு நோயாளிகள் திகிலடைகிறார்கள். ஆனால் வலியே இல்லாத அநேகருக்கும் அந்த முள் உண்டு, வலியுள்ள பலருக்கு அது இல்லை. கெண்டைச்சதையையும் உள்ளங்காலையும் தினமும் நீட்டிப் பயிற்சி செய்து, தக்க செருப்பணிந்து, சில மாதங்கள் பொறுத்திருந்தால் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடுகிறது. கத்திக்கு அவசரப்பட வேண்டாம்.

எலும்பு முறிவு அப்படிப்பட்டதன்று. உயரத்திலிருந்து குதித்துக் குதிகாலில் விழுந்தவர்களைப் பற்றி 2400 ஆண்டுகளுக்கு முன்பே ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க வைத்திய நூல் எச்சரித்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடி தாக்கிய கப்பல்களின் தளம் திடீரென்று மேலெழும்ப, அதன்மேல் நின்றிருந்த மாலுமிகளுக்குக் குதிகால்கள் நொறுங்கின. மேலிருந்து வரும் கணுக்கால் எலும்பு ஆப்பு இறங்குவதைப் போல இறங்கி, மெல்லிய ஓட்டையும் உட்சட்டங்களையும் தகர்த்துவிடுகிறது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் இந்த எலும்பின்மேல் இரண்டு கோடுகள் இழுத்து, அவற்றின் இடைக்கோணம் 20 முதல் 40 பாகைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் முறையை வியன்னா நகரத்து லோரன்ஸ் பெஹ்லர் 1931இல் விளக்கினார். எலும்பு அமுங்கியிருந்தால் கோணம் குறைந்துவிடும். விழுந்த வேகம் குதிகாலோடு நின்றுவிடாமல் மேலேறிச் செல்வதால், இவ்வாறு விழுந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இடுப்புப் பகுதியில் முதுகெலும்பும் முறிந்திருக்கும். எனவே குதிகால் வலி என்று வந்தவரின் முதுகையும் வைத்தியர் அவசியம் சோதிக்க வேண்டும்.

சாரத்தில் நின்று வேலை செய்யும் கொத்தனார்களும் மரமேறும் தொழிலாளரும் இந்த விபத்துக்கு எந்நாளும் ஆளாகக் கூடியவர்கள். குதிகால் எலும்புக்கும் அதன்மேல் அமர்ந்த கணுக்கால் எலும்புக்கும் இடையேயுள்ள மூட்டே பாதத்தை உட்புறமும் வெளிப்புறமும் சாய்ப்பது. எலும்பு நொறுங்கி ஆறும்போது அந்த மூட்டு பெரும்பாலும் இறுகிப்போகிறது. அப்படி இறுகியவர் சமமான தெருவில் நன்றாகவே நடந்து செல்வார். வரப்பில் நடக்கும்போதும் கல்லும் கரடுமான நிலத்தில் கால் வைக்கும்போதும்தான் அவருடைய குறை வெளிப்படும். பனையேறிகள் இரண்டு பாதங்களையும் தளைநாரில் மாட்டி, உள்ளங்கால்களை உட்புறமாகத் திருப்பி மரத்தைக் கவ்வி, பதநீர்க் காலத்தில் காலையும் மாலையும் ஏறி இறங்குகிறார்கள். அவ்வாறு திருப்பும் அசைவு நிகழும் முக்கிய இடம் அந்த மூட்டே. அது இறுகிப்போன பனையேறியைத் தெருவில் நடக்கவைத்துப் பார்த்துவிட்டு, குணமாகிவிட்டது என்று எழுதிக்கொடுப்பது அவருடைய ஜீவனத்தையே பறிப்பதாகும். அவருக்கு நஷ்டஈடு கணக்கிடுபவர்கள் அந்த மூட்டு எவ்வளவு சாய்கிறது என்பதை அளந்து, அவர் செய்து வந்த தொழிலோடு வைத்துப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.